ஸ்டாப், பாஸ், ஹோல்ட், வெயிட்: எந்த இடத்தில் எந்தச் சொல்?

"வேலையை ரெண்டு வாரம் நிறுத்தி வைக்கிறோம்" என்று வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத வேண்டும். ஸ்டாப் போட்டால் ஒரேயடியாக மூட்டை கட்டுகிறோம் என்று நினைத்துவிடுவாரோ? சஸ்பெண்ட் என்றால் ஏதோ தண்டனை மாதிரி இருக்கிறதே? ஹோல்ட் போதுமா, பாஸ் பரவாயில்லையா? ஆங்கிலத்தில் எழுதிப் பிழைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அகராதியைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் நேரே 'நிறுத்து' என்றுதான் இருக்கும். அதனால் குழப்பம் தீராது.

விடையில் பாதி நம் பேச்சிலேயே இருக்கிறது. 'நிறுத்து' என்பதை நாம் தனியாக விடுவது குறைவு. பின்னால் ஒரு துணைவினை ஒட்டிக்கொண்டு வரும். நிறுத்தி வைத்தார்கள் என்றால் மறுபடி எடுப்பார்கள். நிறுத்திவிட்டார்கள் என்றால் கதை முடிந்தது. நின்றுபோச்சு என்றால் யாரும் கைவைக்காமல் அதுவாக நின்றது, அல்லது யார் கைவைத்தது என்று சொல்ல நமக்கு விருப்பமில்லை. (கல்யாணம் 'நின்றுபோச்சு' என்று சொல்வதில் உள்ள நாசூக்கு அதுதான்.) வை, விடு, போ என்ற மூன்று குட்டிச் சொற்கள் நமக்குச் செய்யும் வேலையை ஆங்கிலம் துணைவினையிடம் கொடுப்பதில்லை; வினையையே மாற்றிவிடுகிறது. ஆகவே எழுதுமுன் அந்த வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். வை வருகிறதா, விடு வருகிறதா, போ வருகிறதா என்று கவனித்தால் பாதிச் சொற்கள் தானாகக் கழிந்துவிடும்.

ஒரு சிறு எச்சரிக்கை. இந்தக் கட்டுரையில் 'பாஸ்' என்று வருவதெல்லாம் வீடியோவில் இரண்டு கோடு போட்ட அந்தப் பொத்தான். தேர்வில் வாங்கும் பாஸும் இல்லை, மேலதிகாரி பாஸும் இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, மறுபடி தொடங்குமா? இதுதான் தலையாயது. சொல் மாறினால் படிப்பவர் அடுத்துச் செய்யும் காரியமும் மாறும். பாஸ் என்று படித்தவர் ஆட்களை வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஸ்டாப் என்று படித்தவர் அவர்களை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார்.

அடுத்தது, காரியம் ஏற்கெனவே தொடங்கிவிட்டதா? தொடங்காததைத் தள்ளிவைப்பதும், பாதியில் இருப்பதை நிறுத்தி வைப்பதும் ஆங்கிலத்தில் வேறு வேறு சொற்கள்.

மூன்றாவது, யார் கை? நாமே நிறுத்தினோமா, அதிகாரம் உள்ள ஒருவர் நிறுத்தினாரா, தானாக நின்றதா?

கடைசியாக, எங்கே பேசுகிறோம்? தொலைபேசியிலா, வக்கீல் நோட்டீஸிலா, நண்பருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியிலா? இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் இது கடைசியில் வர வேண்டியது. மரியாதை கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் யாரும் நஷ்டப்படப் போவதில்லை. தொடருமா தொடராதா என்பது மாறிப்போனால்தான் பணமும் நேரமும் போகும்.

## ஸ்டாப்: எதற்கும் பொருந்தும், எதையும் சொல்லாது

வண்டி, மழை, அழுகை, சம்பளம், சண்டை எல்லாவற்றுக்கும் ஸ்டாப் செல்லும். குழந்தையிடமும் சொல்லலாம், நீதிமன்றத்திலும் சொல்லலாம். சந்தேகம் வந்தால் இதையே எடுங்கள் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் தொடருமா என்ற முதல் கேள்விக்கு ஸ்டாப் வாயே திறக்காது. கிரிக்கெட்டில் மழை வந்தால் ஸ்கோர்போர்டில் 'ரெயின் ஸ்டாப்ட் ப்ளே' என்று வரும். அரை மணி நேரத்தில் ஆட்டம் தொடரவும் செய்யும், அன்றோடு முடியவும் செய்யும். இரண்டுக்கும் அந்த ஒரே வரிதான். கிரிக்கெட்டைப் பார்த்தே இந்தச் சொற்களில் பாதியைக் கற்றுக்கொள்ளலாம். மைதானம் ஈரமாக இருந்தால் டாஸ் 'டிலே'. நடுவில் தண்ணீர் குடிக்கப் போனால் 'பிரேக்'. டெஸ்டில் அன்றைய ஆட்டம் முடிந்தால் 'ஸ்டம்ப்ஸ்', நாளை மீண்டும் வருவார்கள். இனி நடக்கவே நடக்காது என்றால் 'அபாண்டன்ட்'. வர்ணனையாளர் இவற்றில் ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் போடமாட்டார். போட்டால் மைதானத்தில் குடைபிடித்து உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஸ்டாப்பில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. நமக்கு 'நில்' வேறு, 'நிறுத்து' வேறு. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே ஸ்டாப். பின்னால் வரும் வினையின் வடிவம்தான் எது என்று காட்டும். 'ஹீ ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்' என்றால் புகைப்பதை நிறுத்திவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். 'ஹீ ஸ்டாப்ட் டு ஸ்மோக்' என்றால் நடந்து போனவர் ஒரு சிகரெட் பிடிக்க நின்றார். இரண்டும் இலக்கணப்படி சரி, பொருள் நேர் எதிர். எழுதியதைத் திருப்பித் தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'பிடிக்க நின்றார்' என்று வந்தால் டு, 'பிடிப்பதை நிறுத்தினார்' என்று வந்தால் இங்.

ஒருவரைத் தடுப்பதற்கும் ஸ்டாப்தான். அப்போது பெயருக்குப் பின் 'ஃப்ரம்' சேர்த்து இங் போடுவது பாதுகாப்பு: 'ஸ்டாப் ஹிம் ஃப்ரம் கோயிங்'.

## பாஸ்: தேதியோடு வந்தால் நல்ல சொல்

சிடி பிளேயரில் பாஸ் அழுத்தினால் பாட்டு விட்ட இடத்திலேயே நிற்கும். ஸ்டாப் அழுத்தினால் முதல் பாட்டுக்குப் போய்விடும். இரண்டு சொற்களின் வித்தியாசம் முழுக்க அந்த இரண்டு பொத்தானில் இருக்கிறது. பாஸ் என்றால் இடம் மாறவில்லை, நிறுத்தியவரே தொடரப்போகிறார், நேரமும் அதிகம் ஆகாது. பேச்சின் நடுவே மூச்சு வாங்குவது, சந்தாவை ஒரு மாதம் நிறுத்தி வைப்பது, விளம்பரத்தைச் சில நாள் ஓடவிடாமல் வைப்பது எல்லாம் பாஸ். நம் 'வை'க்கு ஆங்கிலத்தில் மிக நெருங்கிய சொல் இதுவே.

இதில் ஒளிந்திருக்கும் செலவு வேறு விதமானது. அறிவிப்புகளில் பாஸ் இப்போது ஒரு பூசிமெழுகும் சொல்லாகிவிட்டது. ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டோம் என்று சொல்லக் கூச்சப்படும் நிறுவனம் 'பாஸ் செய்திருக்கிறோம்' என்கிறது. படிப்பவர்களுக்கும் இது பழகிவிட்டதால், நீங்கள் உண்மையாகவே இரண்டு வாரம் மட்டும் நிறுத்தினாலும் வெறும் பாஸ் என்று எழுதினால் சந்தேகம்தான் வரும். பக்கத்திலேயே 'அன்டில்' போட்டு ஒரு தேதியைச் சேர்த்துவிடுங்கள். தேதி தெரியாவிட்டால் எது நடந்தால் தொடருவீர்கள் என்பதையாவது எழுதுங்கள்.

கணினித் துறையில் இருப்பவர்களுக்கு ஒரு துணுக்கு. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் 'சிக்ஸ்டாப்' என்ற சமிக்ஞை ஓடும் நிரலைக் கொல்லாது, உறையவைக்கும், அவ்வளவுதான். 'சிக்கான்ட்' அனுப்பினால் விட்ட இடத்திலிருந்து எழுந்து ஓடும். பெயரில் ஸ்டாப், செய்வது பாஸ். மற்றவர்கள் இதை மறந்துவிடலாம்.

## ஹால்ட்: பேச்சில் வேண்டாம்

ஜெர்மன் படைகளின் கட்டளையிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். அந்த விறைப்பு இன்னும் போகவில்லை. பேச்சில் ஒருவரைப் பார்த்து ஹால்ட் என்றால் துப்பாக்கி பிடித்த காவலாளிபோல் இருக்கும். செய்தி நடையில் மட்டும் இதற்குத் தனி இடம் உண்டு: ஓடிக்கொண்டிருந்த பெரிய விஷயம் ஒன்று மொத்தமாக நின்றுபோனால் 'கேம் டு எ ஹால்ட்', கொஞ்சம் கொஞ்சமாக முனகி நின்றால் 'க்ரவுண்ட் டு எ ஹால்ட்'. நம் 'நின்றுபோச்சு'க்குப் பொருத்தமான உடை இதுதான். வாகனத்தின் எஞ்சின் மட்டும் திடீரென்று அணைந்தால் அதற்கு 'ஸ்டால்'.

'நைட் ஹால்ட்' என்பது நம் ஊர் ஆங்கிலம். இங்கே எல்லோருக்கும் புரியும், வெளியே புருவம் உயரும். அவர்களுக்கு 'ஓவர்நைட் ஸ்டாப்' அல்லது 'ஓவர்நைட் ஸ்டே'.

## விடு வகை: க்விட், சீஸ், டிஸ்கன்டினியூ

1942 ஆகஸ்ட் 8 அன்று பம்பாயில் காங்கிரஸ் நிறைவேற்றிய தீர்மானத்தால் க்விட் என்ற சொல்லை நம் தாத்தா பாட்டிகளுக்கும் தெரியும். 'வெள்ளையனே வெளியேறு' என்று தமிழில் சொன்னார்கள், சரியாகத்தான் சொன்னார்கள். க்விட் என்பதில் ஓர் இடத்தையோ பழக்கத்தையோ பதவியையோ உதறிவிட்டுப் போவது இருக்கிறது. திரும்பி வரும் எண்ணம் கிடையாது. சிகரெட், குடி, வேலை என்று ஒட்டிக்கொண்டிருப்பதை விடும்போது க்விட் நன்றாகப் பொருந்தும். வேலையை விடுவதை நண்பரிடம் க்விட் என்று சொல்லலாம்; மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் 'ரிசைன்' என்றுதான் எழுத வேண்டும். அமெரிக்காவில் 'தொந்தரவு பண்ணாதே' என்பதற்கும் க்விட் போட்டுப் பேசுவார்கள். பிரிட்டனில் அது அவ்வளவாகக் காதில் விழாது. 'க்விட்டர்' என்று பெயர்ச்சொல் ஆக்கினால் பாதியில் ஓடிப்போகிறவன் என்ற இழிவு வந்து உட்கார்ந்துகொள்ளும். மனம் தளர்ந்திருப்பவரிடம் பேசும்போது அதைக் கவனியுங்கள்.

சீஸ் என்பது சட்டத்தின் சொல், ஆணையின் சொல். வக்கீல் நோட்டீஸில் 'சீஸ் அண்ட் டெசிஸ்ட்' என்று வந்தால் இப்போது நிறுத்து, இனியும் செய்யாதே என்று இரட்டைப் பூட்டு. வீட்டில் டிவியைச் சீஸ் பண்ணு என்றால் சிரிப்பார்கள்.

டிஸ்கன்டினியூவில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம். 'காலேஜை டிஸ்கன்டினியூ பண்ணிட்டான்' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அது 'ட்ராப்ட் அவுட்'. டிஸ்கன்டினியூ என்பது பெரும்பாலும் ஒரு பொருளை இனித் தயாரிக்காமல் விடுவதற்கும், சேவையை மூடுவதற்கும், மருந்தை நிறுத்துவதற்கும் வரும்.

மருந்து விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மருத்துவமனைக் குறிப்பில் 'ஹோல்ட்' என்றால் மருந்து பட்டியலில் இருக்கிறது, இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம் என்று பொருள். 'டிஸ்கன்டினியூ' என்றால் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவது. இதைச் சுருக்கி டி/சி என்று எழுதும் வழக்கமும் உண்டு. அதே டி/சி டிஸ்சார்ஜுக்கும் சுருக்கம்! டிஸ்சார்ஜ் ஆகும்போது தர வேண்டிய மருந்துகளின் பட்டியலுக்கு மேல் டி/சி என்று எழுதினால், அவற்றையெல்லாம் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று ஒருவர் படித்துவிடலாம். மருந்துப் பிழைகளைக் கவனிக்கும் ஐஎஸ்எம்பி என்ற அமைப்பு, பிழைக்கு இடம்தரும் சுருக்கங்களின் பட்டியலில் இதையும் வைத்திருக்கிறது.

## சஸ்பெண்ட், ஹோல்ட்: மேலே ஒரு கை

இரண்டும் வை வகைதான். ஆனால் நிறுத்துவது நம் கையில் இல்லை, மேலே ஒருவர் கையில். ஊழியர் சஸ்பெண்ட் ஆனால் வேலை போய்விடவில்லை. விசாரணை முடியும்வரை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். வேலை போனால் அது 'டிஸ்மிஸ்'. உரிமத்தைச் சஸ்பெண்ட் செய்தால் திரும்பக் கிடைக்கலாம். ரத்து செய்தால் அது 'ரிவோக்'. விமான சேவை, பங்கு வர்த்தகம், பேச்சுவார்த்தை ஆகியவற்றுக்கும் சஸ்பெண்ட் போடலாம். அங்கே தண்டனை வாடை இருக்காது. மனிதருக்குப் போட்டால் மட்டும் ஏதோ தப்புச் செய்தவர் என்ற நிழல் விழும். எனவே சக ஊழியர் விடுப்பில் இருப்பதைச் சொல்ல இதன் பக்கமே போகாதீர்கள்.

'புட் ஆன் ஹோல்ட்' அலுவலக மின்னஞ்சல்களின் செல்லப்பிள்ளை. மென்மையானது, யாரையும் குறை சொல்லாது. அந்த மென்மைதான் அதன் செலவும். 'கைவிட்டுவிட்டோம்' என்று சொல்ல மனமில்லாதவர்களும் இதையே எழுதுகிறார்கள். அனுபவசாலிகள் ஆன் ஹோல்ட் என்று பார்த்ததும் செத்த பாம்பு என்றே எடுத்துக்கொள்வார்கள். உண்மையாகவே தொடரப்போகிறீர்கள் என்றால், எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்பதை அதே வரியில் சொல்லிவிடுங்கள்: 'பட்ஜெட் ஒப்புதல் வரும்வரை ஆன் ஹோல்ட்'.

## போரை நிறுத்தவும் மூன்று சொல்

தமிழ்ச் செய்திகளில் எல்லாமே போர்நிறுத்தம். ஆங்கிலத்தில் ட்ரூஸ், சீஸ்ஃபயர், ஆர்மிஸ்டிஸ் என்று படிப்படியாகப் போகும். எல்லைகள் கறாராக இல்லை என்றாலும் எடை வேறு.

ட்ரூஸ் இலகுவானது, எழுத்தில் ஒப்பந்தம்கூடத் தேவையில்லை. 1914 கிறிஸ்துமஸ் சமயத்தில் மேற்குப் போர்முனையின் பல இடங்களில் பிரிட்டிஷ், ஜெர்மன் சிப்பாய்கள் தாங்களாகவே பதுங்குகுழிகளை விட்டு வெளியே வந்து கைகுலுக்கினார்கள். அதற்கு ஆங்கிலத்தில் 'கிறிஸ்துமஸ் ட்ரூஸ்' என்றே பெயர். சீஸ்ஃபயர் என்பது சுடுவதை நிறுத்தச் சொல்லும் ஆணை அல்லது உடன்பாடு.

ஆர்மிஸ்டிஸ் இன்னும் முறையானது. முதல் உலகப் போரில் 1918 நவம்பர் 11 அன்று துப்பாக்கிகள் ஓய்ந்தது ஆர்மிஸ்டிஸால். அது முதலில் 36 நாட்களுக்குத்தான். பிறகு நீட்டித்துக்கொண்டே போனார்கள். ஜெர்மனியுடனான வெர்சாய் சமாதான ஒப்பந்தம் 1919 ஜூன் 28 அன்றுதான் கையெழுத்தானது. கொரியாவிலோ 1953 ஜூலை 27 அன்று கையெழுத்தான ஆர்மிஸ்டிஸோடு நிற்கிறது. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. எத்தனை ஆண்டு நீடித்தாலும் இந்த மூன்றும் வை வகைதான் என்பது மொழிபெயர்ப்பாளர்கள் மனதில் இருக்க வேண்டியது. முடிந்துவிட்டது என்று எழுத 'பீஸ் ட்ரீட்டி' வேண்டும்.

## தள்ளிவைப்பது: போஸ்ட்போன், டிலே, அட்ஜர்ன், கேன்சல்

இங்கேதான் இரண்டாவது கேள்வி வேலை செய்கிறது. இன்னும் தொடங்கவில்லை, வேறு தேதிக்கு மாற்றுகிறோம் என்றால் போஸ்ட்போன். பேச்சில் 'புட் ஆஃப்'. நடக்கவே நடக்காது என்றால் கேன்சல், பேச்சில் 'கால் ஆஃப்'. ஒலிம்பிக்கில் இரண்டுக்கும் உதாரணம் இருக்கிறது. 1916, 1940, 1944 ஆண்டுப் போட்டிகள் உலகப் போர்களால் கேன்சல் ஆயின. 1940 போட்டியை நடத்தியிருக்க வேண்டிய ஊரும் முதலில் டோக்கியோதான். அதே டோக்கியோவுக்கு 2020-இல் கொரோனா வந்தபோது மார்ச் 24 அன்று அறிவித்தது போஸ்ட்போன். 2021 ஜூலை 23 அன்று போட்டி தொடங்கியது. பெயரைக்கூட மாற்றாமல் 'டோக்கியோ 2020' என்றே வைத்துக்கொண்டார்கள். போஸ்ட்போன் என்றால் அதே நிகழ்ச்சிதான், தேதி மட்டும் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

டிலே என்பதில் பெரும்பாலும் யாரும் முடிவெடுப்பதில்லை, தாமதமாகிவிடுகிறது. விமானம் டிலே என்றால் நிலையத்திலேயே உட்கார்ந்திருங்கள், எப்போது வேண்டுமானாலும் அழைப்பு வரலாம். போஸ்ட்போன் என்றால் வீட்டுக்குப் போகலாம். கூட்டம் பத்து நிமிடம் பிந்தும் என்பதைப் போஸ்ட்போன் என்று அறிவித்தால் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள்.

அட்ஜர்ன் என்பது நடந்துகொண்டிருக்கும் கூட்டத்தையோ வழக்கையோ அவையையோ ஒத்திவைப்பது. நீதிமன்ற வாய்தா இதுதான். நண்பர்களோடு சினிமாவுக்குப் போவதை அட்ஜர்ன் செய்ய முடியாது. நாடாளுமன்றத்தில் இன்னும் நுணுக்கம் உண்டு: அன்றைய அமர்வை நிறுத்தினால் அட்ஜர்ன், கூட்டத்தொடரையே முடித்துவைத்தால் ப்ரொரோக், அவையையே கலைத்தால் டிஸ்ஸால்வ். இந்தியாவில் அட்ஜர்ன் சபாநாயகர் கையில், ப்ரொரோக் குடியரசுத் தலைவர் கையில். 2019-இல் பிரிட்டன் பிரதமர் நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் ப்ரொரோக் செய்ய வைத்தது செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 24 அன்று தீர்ப்பளித்தது. அதைத் தமிழில் 'ஒத்திவைத்தார்' என்று மட்டும் எழுதினால் இதற்கா இவ்வளவு ரகளை என்று தோன்றும்.

கட்டணம், கடன் தவணை, கல்லூரிச் சேர்க்கை போன்றவற்றை அனுமதியோடு பின்னுக்குத் தள்ளுவது டிஃபர். முன்னுக்கு இழுப்பதற்கு நாம் சொல்லும் 'ப்ரீபோன்' இந்தியாவுக்குள் தாராளமாகச் செல்லும். வெளியே அனுப்பும் கடிதத்தில் 'ப்ரிங் ஃபார்வர்ட்' என்று எழுதினால் விளக்கம் கேட்டு இன்னொரு மின்னஞ்சல் வராது.

அவசரத்துக்குப் பார்த்துக்கொள்ள:

| தமிழில் மனதில் வருவது | எடுக்க வேண்டியது | எடுத்தால் சிக்கல் |
|---|---|---|
| ரெண்டு வாரம் நிறுத்தி வைக்கிறோம் | பாஸ், தேதியோடு | டிஸ்கன்டினியூ: முடித்துவிட்டீர்கள் என்பார்கள் |
| உத்தரவு போட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள் | சஸ்பெண்ட் | டிஸ்மிஸ்: வேலையே போய்விடும் |
| பழக்கத்தை விட்டுவிட்டேன் | க்விட் அல்லது ஸ்டாப், இங் சேர்த்து | ஸ்டாப் டு: பொருள் தலைகீழ் |
| எல்லாம் நின்றுபோச்சு | கேம் டு எ ஹால்ட் | சீஸ்: சட்ட வாடை |
| கல்யாணம் நின்றுபோச்சு | கால்ட் ஆஃப் | போஸ்ட்போன்: புதுத் தேதி கேட்பார்கள் |
| அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தோம் | போஸ்ட்போன் | டிலே: இன்றே நடக்கும் என்று உட்கார்ந்திருப்பார்கள் |
| கொஞ்சம் இருங்க, லைன்ல இருங்க | ஹோல்ட் ஆன் | ஸ்டாப்: திட்டுவதுபோல் இருக்கும் |

## காத்திருக்கச் சொல்வது

'இருங்க' என்ற ஒரே சொல்லில் நாம் வெயிட், ஹோல்ட் ஆன், ஸ்டே மூன்றையும் அடக்கிவிடுகிறோம். 'ங்க' வந்து மரியாதையையும் பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்து வெயிட்டில் அந்த 'ங்க' இல்லை. தனியாக வெயிட் என்றால் 'இரு' என்று அதட்டுவது மாதிரி. முன்னால் ப்ளீஸ் போட்டாலும் அறிவிப்புப் பலகை போலத்தான் இருக்கும். தொலைபேசியில் தெரிந்தவரிடம் 'ஹோல்ட் ஆன்' அல்லது 'ஹேங் ஆன்', தெரியாதவரிடம் 'ஜஸ்ட் எ மொமென்ட்', நேரம் அதிகமாகும் என்றால் 'பேர் வித் மீ'. ஹோல்ட் ஆனுக்கு இன்னொரு முகமும் உண்டு. வாக்குவாதத்தின் நடுவே குரலை உயர்த்திச் சொன்னால் 'நிறுத்துங்க, நீங்க சொல்றது சரியில்லை' என்று ஆகிவிடும்.

'ஸ்டாண்ட் பை' என்றால் தயாராக இரு, நானே கூப்பிடுகிறேன் என்று பொருள். வானொலித் தொடர்பில் இது அனுமதியும் இல்லை, மறுப்பும் இல்லை. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் இந்த வார்த்தை சரியாகப் போய்ச் சேரவில்லை. மூடுபனியில் ஓடுபாதை முனையில் நின்ற கேஎல்எம் விமானத்திலிருந்து, புறப்படுகிறோம் என்ற பொருள்படும் செய்தி வந்தது. கட்டுப்பாட்டாளர் 'ஓகே' என்றார். சற்று இடைவெளி விட்டு, 'ஸ்டாண்ட் பை ஃபார் டேக் ஆஃப், நான் கூப்பிடுகிறேன்' என்றார். அதே நொடியில் ஓடுபாதையிலேயே இருந்த பான் ஆம் விமானமும் பேசியதால் இரண்டு ஒலியும் மோதி இரைச்சலானது. கேஎல்எம் விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது ஓகே மட்டும். மோதலில் 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பல காரணங்கள் சேர்ந்தன, சொல் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அதற்குப் பிறகு டேக் ஆஃப் என்ற சொல்லை அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே உச்சரிப்பது என்று விமானத் துறை விதி செய்துகொண்டது. மற்ற நேரங்களில் 'டிபார்ச்சர்'.

இன்று அங்கே நிறுத்தச் சொல்லவும் இரண்டு தனித் தொடர்கள். விமானம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை என்றால் 'ஹோல்ட் பொசிஷன்'. ஓடத் தொடங்கிவிட்டால் 'ஸ்டாப் இமீடியட்லி'. தொடங்கியதா இல்லையா என்ற நம் இரண்டாவது கேள்விதான், அங்கே உயிர் பிழைக்கும் கேள்வி.

சாலையில் இந்தச் சொற்களைக் குழப்பிக்கொண்டால் அபராதத்தோடு போகும். நியூயார்க் நகரத் தெருக்களில் மூன்று விதப் பலகைகள் உண்டு. 'நோ பார்க்கிங்' என்றால் ஆளையோ சரக்கையோ ஏற்றி இறக்க நிற்கலாம். 'நோ ஸ்டாண்டிங்' என்றால் ஆளை மட்டும் ஏற்றி இறக்கலாம். 'நோ ஸ்டாப்பிங்' என்றால் எதற்காகவும் நிற்கக் கூடாது. பிரிட்டனில் நோ ஸ்டாண்டிங் பலகையைத் தேட வேண்டாம். அங்கே 'நோ வெயிட்டிங்' இருக்கும். வெயிட்டிங் என்பது அங்கே வண்டியை நிறுத்திவைப்பது.

## வெயிட் ஃபார், அவெயிட், எக்ஸ்பெக்ட்

கடிதம் எழுதுபவர்கள் இடறும் இடம் இது. வெயிட்டுக்குப் பின்னால் ஆளோ பொருளோ வந்தால் 'ஃபார்' கட்டாயம். அவெயிட்டுக்குப் பின்னால் ஃபார் வரவே கூடாது. 'அவெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை' என்று முடியும் கடிதங்கள் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் போகின்றன. யாருக்கும் புரியாமல் போவதில்லை, ஆனாலும் பிழை பிழைதான். அவெயிட் கொஞ்சம் விறைப்பானது, அலுவலகக் கடிதத்துக்குப் பொருந்தும். நண்பருக்கு வெயிட்டிங் ஃபார் போதும்.

நம் 'எதிர்பார்க்கிறேன்' இதற்குள் நுழைந்து இன்னும் குழப்பும். வரும் என்று கணக்குப் போடுவது எக்ஸ்பெக்ட். வரும்வரை சும்மா இருப்பது வெயிட். வந்தால் நல்லது என்று ஆசையோடு இருப்பது 'லுக் ஃபார்வர்ட் டு'. இதற்குப் பின்னால் வினை வந்தால் இங் சேர்க்க வேண்டும். 'ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை டுமாரோ' என்று வாடிக்கையாளருக்கு எழுதினால் நாளைக்குள் பதில் வந்தாக வேண்டும் என்று உத்தரவு போட்ட மாதிரி ஆகும். கடன் வாங்கியவருக்கு எழுதும்போது வேண்டுமானால் சரி. ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது 'ஷீ இஸ் எக்ஸ்பெக்டிங்' என்று அதோடு நிறுத்தினால் அவர் கர்ப்பமாக இருக்கிறார் என்று பொருள். பார்சலை எதிர்பார்க்கிறார் என்றால் பார்சலையும் சேர்த்தே எழுதுங்கள்.